வசிக்கும் முகவரி

ஜூலை 8, செவ்வாய்

இந்த நோட்டு இன்றைக்குத்தான் கிடைத்தது. ஐந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேனாவுக்கு மட்டும் ஒரு நிபந்தனை. காலை பத்து மணிக்கு வாங்கிக்கொள்ளலாம், மாலை நான்கு மணிக்கு நர்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யாரையாவது குத்திவிடுவேன் என்று பயம்போல. இருபத்தாறு வருஷம் பேனாவையும் பசை டப்பாவையும் வைத்துத்தான் பிழைத்தேன். யாருக்கும் காயம் பட்டதாகத் தகவல் இல்லை.

முதலில் விவரம். பெயர் சண்முகவடிவு. வயது ஐம்பத்தேழு. பிள்ளைகள் இல்லை. வேலை, கோர்ட்டு அமீனா. வழக்கில் சிக்கியவர்களின் வீடு தேடிப் போய் நோட்டீஸைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு வரவேண்டும். வீட்டுக்காரர் பார்த்த வேலை. அவர் போனபிறகு கருணை அடிப்படையில் எனக்குக் கொடுத்தார்கள். நாய் கடித்திருக்கிறது, ஒரு வீட்டில் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள், இன்னொரு வீட்டில் மாடியிலிருந்து சாணித் தண்ணீர் ஊற்றினார்கள். அப்படியும் ஒரு நோட்டீஸைக்கூட நான் கொடுக்காமல் திரும்பியதில்லை.

என்னை இங்கே கொண்டுவந்த விதத்தையும் எழுத வேண்டும். போன வியாழக்கிழமை என் தம்பி குற்றாலிங்கம் ஆட்டோவோடு வந்தான். "எக்கா, கண்ணாடி மாத்தணும்னு சொன்னியே, வா போவோம்" என்றான். கண்ணாஸ்பத்திரி சன்னலுக்கு எதற்குக் கம்பி வலை என்று வாசலிலேயே கேட்டேன். அவன் ஆட்டோக்காரனுக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பத்துப் பத்து நிமிஷம் பேசினார்கள். கையெழுத்துப் போட்டார்கள். தம்பியும் போட்டான். பின்னால் கதவு பூட்டிய சத்தம் கேட்டது.

"எனக்கு நோட்டீஸ் எங்கே?" என்று கேட்டேன். ஒரு டாக்டர் சிரித்தார். கடன்காரன் வீட்டு அண்டாவை எடுக்க வேண்டுமென்றால்கூட முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். என்னை ஆளோடு எடுத்துவிட்டார்கள்.

கண்ணாடி இன்னும் மாற்றவில்லை.

என்மேல் சொல்லும் குற்றம் இதுதான். கோர்ட்டு விடுமுறையான மே மாதம் தொடங்கி, கோர்ட்டு திறந்தபின்னும் லீவு போட்டு, வீட்டுக் கதவுகளில் இருந்த பழைய நோட்டீஸ்களைக் கிழித்தேனாம். நான் கிழிக்கவே இல்லை. தண்ணீரில் நனைத்து, ஓரத்தை ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்து முழுசாக உரித்தேன். மொத்தம் நாற்பத்தோரு கதவுகள். கிழிப்பதற்கும் உரிப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் என்ன பேசுவது.

ஜூலை 9, புதன்

மூன்று மாத்திரை. வெள்ளை, வெள்ளை, ஆரஞ்சு. விழுங்கியபின் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார்கள். காட்டினேன். மதியம் கத்தரிக்காய்க் குழம்பு, அதில் கத்தரிக்காய் இல்லை.

ஜூலை 10, வியாழன்

சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். அதன்மேல் தண்ணீர் மெஷினைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். காகிதத்தின் வலது ஓரம் மட்டும்தான் வெளியே தெரிகிறது. ஒட்டினவனுக்கு வேலை தெரியாது. நோட்டீஸ் என்றால் வருகிறவன் கண் மட்டத்தில், வெளிச்சம் விழும் இடத்தில், நாலு மூலையும் பசை பிடித்து நிற்க வேண்டும்.

தண்ணீர் பிடிக்கிற சாக்கில் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே தலையை விட்டு வாசித்தேன். பழைய கண்ணாடி, எழுத்து மங்கல். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தபிறகு முழுசும் கிடைத்தது. தலைப்பு, நோயாளியின் உரிமைகள்.

சொந்த உடுப்பு உடுத்தலாம். போன் பேசலாம். கடிதம் எழுதலாம், அதை யாரும் பிரிக்கக் கூடாது. இலவசமாக வக்கீல் கேட்கலாம். விருப்பமில்லாமல் சேர்க்கப்பட்டவரை முப்பது நாளுக்குமேல் வைக்க வேண்டுமென்றால் புதிதாக இரண்டு டாக்டர்கள் பார்க்க வேண்டும், மனநல மறுஆய்வு வாரியம் சம்மதிக்க வேண்டும். முப்பது நாளுக்கு முன்பே அந்த வாரியத்துக்கு நாமே மனுப் போடலாம், ஏழு நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தலைவர் ஜட்ஜ்.

ஜட்ஜ் என்று வாசித்ததும் ஒரு வாரத்தில் முதல்முறையாக எனக்குப் பசித்தது.

ஜூலை 11, வெள்ளி

அடுத்த கட்டிலில் பகவதி என்று ஒருத்தி. தையல்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளும் அதே வெள்ளை, வெள்ளை, ஆரஞ்சுதான் சாப்பிடுகிறாள். ஆனால் சாயங்காலம் காவலாளி கதவைத் திறந்துவிட, வெளியே போய் டீ குடித்துவிட்டு வருகிறாள்.

"ஒனக்கு மட்டும் எப்படித் திறக்கான்?" என்று கேட்டேன்.

"நான் நானா வந்தேன்க்கா. நானே கையெழுத்துப் போட்டுச் சேந்தேன். அதனால போகணும்னா நானே போயிருவேன்" என்றாள்.

அவளுக்கும் எனக்கும் நடுவில் இரண்டடி இடைவெளிதான் இருக்கிறது. பொறாமையாக இருந்தது. தூங்குவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

மனு எழுதினேன். முறைப்படி, இடது பக்கம் ஓரம் விட்டு, பத்திக்கு எண் போட்டு. "மனுதாரர் சித்த சுவாதீனத்துடன் இருக்கிறார். மனுதாரர் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. மனுதாரருக்கு எவ்வித முன்னறிவிப்பும் தரப்படவில்லை." மூன்றாவது வாக்கியத்தில் ஒரு சொல்லை இரண்டு தடவை எழுதிவிட்டு அடித்தேன். மாத்திரைதான் காரணம்.

முகவரி என்ற இடம் வந்ததும் இந்த ஆஸ்பத்திரிப் பெயரை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை. இது என் விலாசம் இல்லை. நாளைக்கு எந்தக் காகிதத்தில் பார்த்தாலும் சண்முகவடிவு, பெண்கள் வார்டு, கட்டில் எண் ஏழு என்று நிற்கும். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். வசிக்கும் முகவரி என்று தம்பி வீட்டு விலாசத்தை, என் அறை இருக்கும் வீட்டை எழுதினேன்.

நர்ஸ் ஜெனிட்டாவிடம் கொடுத்து, "பெற்றுக்கொண்டேன்னு எழுதி, தேதி, நேரம், கையெழுத்து" என்றேன்.

"இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட இப்படிக் கேட்டதில்லம்மா" என்றாள். ஆனால் எழுதிக் கொடுத்தாள். பகல் 2.40. நல்ல பெண். திங்கட்கிழமை தபாலில் போகும் என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

தம்பி வந்தான். இரண்டு சேலை, சீப்பு, ஒரு பொட்டலம் காராசேவு. நான் உரித்த காகிதங்கள் இருக்கும் பை எங்கே என்று கேட்டேன்.

"பீரோவுல வச்சிருக்கேன்க்கா."

"அது அரசாங்கத்துச் சொத்து. ஒன்னு கொறஞ்சாலும் நாந்தான் பதில் சொல்லணும்."

அவன் காராசேவுப் பொட்டலத்தைப் பிரித்தான். "நாலுவழிச் சாலைக்கு நடுவுல நடந்து வந்தியேக்கா. லாரிக்காரன் பிரேக் போட்டதுனாலதான் இன்னைக்கு உக்காந்து பேசிக்கிட்டு இருக்கோம். நாலு நாள் நீ கண்ண மூடல. ஒரு வாய் சோறு திங்கல. நான் என்ன செய்வேன், சொல்லு."

சாலையைக் கடக்காமல் அந்தப் பக்கத்து வீடுகளுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். அவன் ஒரு கை அள்ளி நீட்டினான். காராசேவு நமத்துப் போயிருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

டாக்டர் நிவேதன். சின்ன வயது, நல்ல பேச்சு, கையில் எப்போதும் போன். இன்றைக்கு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார். "நாற்பத்தோரு வீட்டுக்குப் போயிருக்கீங்க. முதல்ல எந்த வீட்டுக்குப் போனீங்கம்மா?"

"அது வழக்கு சம்பந்தப்பட்டது. வெளிய சொல்லக் கூடாது."

"சரி. எந்த வீட்டுக் கதவை உரிக்க முடியாமப் போச்சு?"

நான் எழுந்து வந்துவிட்டேன். இந்தக் கேள்வியை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

காலை ஆறரை மணிவரை தூங்கியிருக்கிறேன். மழை பெய்ததால் இருக்கும்.

ஜூலை 19, சனி

பதில் இல்லை. திங்கட்கிழமை தபால், செவ்வாய் சேர்ந்திருக்கும். இன்னும் நாள் இருக்கிறது. கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் கட்டிலிலிருந்து இறங்கிப் பார்க்கிறேன். பால்காரன், காய்கறி வண்டி, மருந்துக் கம்பெனிக்காரர்.

ஒரு சம்மனுக்காக ஆட்கள் எப்படிக் காத்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டதும் கதவைச் சாத்துவார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஜெனிட்டா ஒரு விஷயம் சொன்னாள். என் சார்பில் பேச வேறொரு ஆளை நியமிக்க எனக்கு உரிமை இருக்கிறதாம். வெள்ளைத் தாளில் பேரெழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், தம்பியின் அதிகாரம் போய்விடும். தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். எழுத ஒரு பேர் வரவில்லை. ஊரில் எனக்குத் தெரியாத தெரு இல்லை. என்னைப் பார்த்து வா என்று சொன்ன வீடும் இல்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

தம்பி வந்தான். ஆமவடை. இந்தத் தடவை சூடாக இருந்தது. மனு விஷயம் ஏதாவது காதில் விழுந்ததா என்று கேட்டேன். சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, "டாக்டர் சொல்லுதபடி கேளுக்கா" என்றான். போன தடவை மூன்று மணிவரை இருந்தவன் இன்றைக்கு இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டான்.

ஜூலை 22, செவ்வாய்

எட்டு நாள் ஆகிவிட்டது. போன் வேண்டுமென்று கேட்டேன். சுவரில் இருப்பதை வாசித்துக் காட்டட்டுமா என்றேன். வேண்டாம் என்று உடனே கொடுத்துவிட்டார்கள். மெஷினையும் நகர்த்தி வைத்துவிட்டார்கள்.

எங்கள் கோர்ட்டுக்குப் போட்டேன். மரியதாஸ் எடுத்தான். என்னோடு பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கும் அமீனா. எனக்கு இளையவன்.

"வடிவக்கா, நல்லாயிருக்கியளா? அன்னைக்கு ஏன் வரல?"

"என்னைக்கு?"

"பதினெட்டாந்தேதி. ஒங்க மனு வாரியத்துக்கு வந்துதுல்லா. அங்க ஆள் இல்லைன்னு நோட்டீஸ நம்ம ஆபீசுக்குத்தான் அனுப்பினாவ. நாந்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"யார்கிட்ட குடுத்த?"

"ஒங்க தம்பிகிட்ட. நீங்க போட்டிருந்த விலாசம் அதான. குடும்பத்துல வயசு வந்த ஆளு, கையெழுத்து வாங்கிட்டேன். எல்லாம் முறைப்படிதான்க்கா. அன்னைக்கு அவரு மட்டும் வந்தாரு. ஒங்களுக்கு இன்னும் சரியாகல, கூட்டிட்டு வர முடியாதுன்னு சொன்னாராம். மனு தள்ளுபடி ஆயிட்டு."

"தாசு, நான் எங்க இருக்கேன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. நீங்கதான சொல்லுவிய. பேப்பர்ல எந்த வெலாசம் இருக்கோ அங்க போ, மத்தது நம்ம சோலி இல்லைன்னு."

நான் சொன்னதுதான். அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொன்னேன்.

ஜூலை 23, புதன்

பத்து மணிக்கு முன்பே போய்ப் பேனாவுக்காக நின்றேன். எழுதிவிட வேண்டும்.

போன வருஷம் ஆகஸ்டு. கீழரத வீதி, பதினாலாம் நம்பர் வீடு. பிரதிவாதி பேர் பிச்சம்மாள், வயது அறுபத்தெட்டு. வீட்டை வாங்கினவர் காலி செய்யச் சொல்லிப் போட்ட வழக்கு. நான் போனபோது பிச்சம்மாள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துணியை அடிக்கும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. வாசலில் மகன் நின்றான். "அம்மாவுக்குக் காது சரியாக் கேக்காது, எங்கிட்ட குடுங்க, நான் சொல்லிக்கிடுதேன்" என்றான். குடும்பத்தில் வயது வந்த ஆண். கையெழுத்து வாங்கினேன். அன்றைக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி இருந்தது. பின்கட்டுக்குப் பதினைந்து எட்டு வைத்தால் போதும். நான் வைக்கவில்லை.

என்ன காகிதம் என்று சொல்லாமல் அவளிடம் கைநாட்டு வாங்கி, அவள் பேரில் இருந்த வீட்டை விற்றவனே அவன்தான். அது எனக்குப் பின்னால்தான் தெரியும். கோர்ட்டில் மூன்று தடவை அவள் பேரைக் கூப்பிட்டார்கள். அவள் வரவில்லை. அவள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாகிவிட்டது.

நவம்பரில் வீட்டைக் காலி செய்ய வைக்கும் உத்தரவோடு நான்தான் போனேன். போலீஸ் இருவர், பூட்டுத் திறக்க ஓர் ஆள். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த அரிசியோடு பானையை நானே தூக்கித் தெருவில் வைத்தேன். அவள் கத்தவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தாயி" என்று மட்டும் கேட்டாள். சட்டப்படி சொல்லியாயிற்று என்று அவளிடம் சொன்னேன். அந்தக் கையெழுத்தைக் காட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

நாலு நாள் அந்தத் தெருவிலேயே பாத்திரங்களோடு இருந்தாள். மழை. ஐந்தாம் நாள் அரசு ஆஸ்பத்திரியில் செத்துப் போனாள்.

எல்லாம் முறைப்படிதான். என் அறிக்கையில் ஒரு எழுத்துப் பிசகில்லை. ஏப்ரல் கடைசிவரை வேலைக்கும் போனேன். மே மாதம் கோர்ட்டு லீவு விட்டதும் வீட்டில் உட்கார முடியவில்லை. முதல் நாள் பதினாலாம் நம்பருக்குத்தான் வாளித் தண்ணீரோடு போனேன். அந்தக் கதவில் உரிக்க ஒன்றும் இல்லை. நான் அங்கே ஒட்டவே இல்லையே, மகன் கையில் அல்லவா கொடுத்தேன். அதனால்தான் மற்ற கதவுகளுக்குப் போனேனோ என்னவோ. உரிக்க உரிக்கக் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்த நாளே மறுபடி அடைத்துக்கொள்ளும்.

இப்போது என் தம்பிமேல் எனக்கு எவ்வளவு கோபம் இருக்க வேண்டும். இருக்கிறது. ஆனால் அவனைத் திட்ட வாயெடுத்தால் பதினாலாம் நம்பர் வாசலில் நின்ற என் முகம்தான் ஞாபகம் வருகிறது.

மூன்று மணிக்கு இரண்டாவது மனு எழுதினேன். ஒரே ஒரு பத்தி. முதல் மனுவின் நோட்டீஸ் மனுதாரர் கையில் கொடுக்கப்படவில்லை, ஆகவே அந்த உத்தரவு செல்லாது, மறுபடி விசாரிக்க வேண்டும். "நோட்டீஸை மனுதாரர் கையிலேயே நேரடியாகக் கொடுக்க வேண்டும்" என்று கீழே கோடு போட்டேன். முகவரி என்ற இடத்தைக் காலியாக விட்டேன். வீட்டு விலாசத்தை எழுதக் கை வரவில்லை, இந்த விலாசத்தை எழுத மனம் வரவில்லை. ஜெனிட்டா, தானே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னாள். பெற்றுக்கொண்டேன், 3.35.

ஜூலை 26, சனி

மரியதாஸ் வந்தான். கேட்டில் மேனேஜர் மறித்து, "எங்ககிட்ட குடுங்க, நாங்க குடுத்துக்கிடுதோம்" என்றாராம். அவன் நகரவில்லை. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறான். ஜெனிட்டா வந்து என்னைக் கூட்டிப்போனாள்.

பேசாமல் காகிதத்தை நீட்டினான். வாங்கினேன். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் நோட்டீஸ் கொடுத்திருப்பேன். எனக்கு என்று வந்த முதல் நோட்டீஸ் இதுதான். என் பேரைக் கோர்ட்டுக் காகிதத்தில் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடிவிடலாமா என்று இருந்தது. தப்பே செய்யாதவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். ஓடிப் போனவர்களையும் கதவைச் சாத்தினவர்களையும் எவ்வளவு கேலி பேசியிருக்கிறேன்.

ஜூலை 29 செவ்வாய், காலை 11 மணி, ஆஸ்பத்திரி வளாகத்திலேயே விசாரணை. கையெழுத்துப் போட்டு நேரமும் எழுதினேன்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றான்.

"ஒம்மேல தப்பில்ல. போ, வெயில்ல நிக்காத" என்றேன். அவன் போனபிறகு கேட் பூட்டும் சத்தம் கேட்டது. இன்னும் மூன்று நாள்.

ஜூலை 28, திங்கள்

தயாரித்து வைத்திருக்கிறேன். அவர்கள் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்: குடும்பத்தாரிடம் கொடுத்தால் கொடுத்த மாதிரிதானே. கொடுத்த மாதிரி இல்லை என்று நான் சொல்லியாக வேண்டும். சொன்னால் எனக்குக் கதவு திறக்கும். சொன்னால் பிச்சம்மாளுக்கும் நான் கொடுக்கவில்லை என்று ஆகும்.

சொல்லாவிட்டால் ஆகஸ்டு முதல் தேதியோடு முப்பது நாள் முடிகிறது. புதிதாக இரண்டு டாக்டர்கள், அப்புறம் தொண்ணூறு நாள்வரை. தம்பி ஏற்கெனவே அதற்கான தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று பகவதி சொன்னாள்.

மதியம் சாப்பிடவில்லை. ஜெனிட்டா எழுதி வைத்துக்கொண்டாள். நாளைக்கு அதையும் காட்டுவார்கள்.

ஜூலை 29, செவ்வாய்

யோகா அறையில் மேசை போட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற ஜட்ஜ் அம்மா நடுவில். ஒரு மனநல மருத்துவர், ஓர் அதிகாரி, இன்னொருவர் முன்பு நோயாளியாக இருந்து மீண்டவர். அவர் மட்டும்தான் நான் உள்ளே வந்ததும் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார். தம்பி சுவரோரம். டாக்டர் நிவேதன் கோப்போடு.

டாக்டர் பேசினார். தூக்கம் சரியாகிவிட்டது, நல்ல முன்னேற்றம், ஆனால் இந்தக் காகித விஷயத்தைப் பேச மறுக்கிறார், வெளியே விட்டால் மறுபடி போவார். தம்பியும் பேசினான். "நோட்டீஸ நாந்தான் மறைச்சேன். அது கையில கெடச்சா வழக்கு வழக்குன்னு திரும்ப தூக்கம் போயிரும்னு பயந்தேன். எனக்கு இருக்கது அவ ஒருத்திதான்." சொல்லிவிட்டுத் துண்டை வாயில் வைத்துக்கொண்டான்.

ஜட்ஜ் அம்மா என்னைப் பார்த்தார். "நீங்க எழுதின விலாசத்துக்கு நோட்டீஸ் போயிருக்கு. கூடப் பிறந்தவர் வாங்கியிருக்கார். இருபத்தாறு வருஷமா நீங்களும் அப்படித்தானே கொடுத்தீங்க?"

"ஆமாம்மா. அப்படித்தான் குடுத்தேன்."

"அப்போ அது சரியா, தப்பா?"

நான் எழுதி வைத்த தாள் மடியில் இருந்தது. அதைப் பார்க்கவில்லை.

"தப்பு" என்றேன். "இவன் எனக்குக் கெடுதல் நெனைக்கல. ஆனா வேற ஒருத்தன் கெடுதல் நெனச்சுத்தான் கைநீட்டி வாங்கினான். ரெண்டு கையும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிஞ்சுது. ஆள் பின்கட்டுல இருந்தா. துணி துவைக்க சத்தம் கேட்டுது. நான் போகல." பிறகு பிச்சம்மாள் பேரைச் சொன்னேன். பானையைச் சொன்னேன். அவள் கேட்டதைச் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. இடையில் எப்போதோ அழ ஆரம்பித்திருக்கிறேன். நவம்பரிலிருந்து அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது, மூக்கு ஒழுகி முன்தானை நனைந்து, பார்க்கச் சகிக்காமல் இருந்திருப்பேன். அந்த மீண்டவர் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

தம்பி என் முகத்தைப் பார்த்தபடி நின்றான். அவனுக்கு இது எதுவும் தெரியாது. ஒரே வீட்டில் இருந்தும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டாக்டர் கோப்பை மூடிவிட்டார்.

உத்தரவு பிற்பகலில் வந்தது. என் கையிலேயே கொடுத்தார்கள். பதினெட்டாம் தேதி உத்தரவு ரத்து. கட்டாயச் சேர்க்கை இன்றோடு முடிகிறது. சேர்த்த அன்றே நோயாளியின் உரிமைகளை வாசித்துக் காட்டாததற்கு ஆஸ்பத்திரி விளக்கம் தர வேண்டும். சண்முகவடிவு தன் விருப்பப்படி வீட்டுக்குப் போகலாம், அல்லது தன் விருப்பப்படி சிகிச்சையைத் தொடரலாம்.

ஜூலை 30, புதன்

காலையில் தம்பி பையோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். கேட் திறந்திருந்தது. நான் போய் கேட்டைத் தாண்டி நின்றேன். எதிரே டீக்கடை, ஒரு பஸ் போனது. கடைச் சுவரில் ஏதோ விளம்பரம் பாதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கை தன்னாலே மேலே வந்தது. இரண்டு கையையும் முன்தானைக்குள் சுற்றிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

திரும்பி உள்ளே வந்து டாக்டரிடம், "இன்னும் எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு ரெண்டு வாரம் சொல்லலாம். ஆனா நீங்க இப்பவே போகலாம்மா."

"அது எனக்குத் தெரியும்" என்றேன்.

ஜெனிட்டா ஒரு படிவம் கொண்டுவந்தாள். பகவதி போட்ட அதே படிவம். பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளைக் கையை நீட்டிப் பிடித்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. நானாக வருகிறேன், நானாகப் போவேன் என்றுதான் எழுதியிருந்தது.

தம்பியிடம், "கண்ணாடிக்கடைக்கு நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போகணும். நெசமான கண்ணாடிக்கடைக்கு" என்றேன். தலையை ஆட்டினான். மற்றபடி அவனோடு இன்னும் பேசவில்லை. பேசுவேன், கொஞ்ச நாள் ஆகும்.

பெயர் எழுதினேன். வயது எழுதினேன். வசிக்கும் முகவரி என்ற இடத்தில், பெண்கள் வார்டு, கட்டில் எண் ஏழு என்று எழுதினேன். எனக்கு வர வேண்டியது எதுவானாலும் இங்கே வந்து, என் கையில் கொடுக்கட்டும்.